காப்பாற்றும் முன் கவனியுங்கள்: அருகிவரும் உயிர்களுக்காக ஏதாவது செய்ய நினைப்பவருக்கு

பல்லுயிர்ப் பாதுகாப்பில் இறங்க நினைக்கும் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "நான் என்ன செய்யலாம்?" மரம் நடலாமா, பணம் அனுப்பலாமா, அடிபட்ட பறவையை வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்க்கலாமா என்று அடுத்தடுத்துக் கேட்பார்கள். என் பதில் அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். முதல் ஓராண்டுக்கு எதையும் காப்பாற்றப் போகாதீர்கள். ஒரு சின்ன இடத்தைத் தேர்ந்தெடுங்கள், திரும்பத் திரும்பப் போங்கள், பார்த்ததைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன், எப்படிச் செய்வது, அப்புறம் எங்கே போவது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: செம்பட்டியலைப் படிக்கப் பழகுங்கள்

ஓர் இனம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று சொல்வதற்கு உலகம் முழுக்கப் பயன்படும் அளவுகோல், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 1964 முதல் நடத்திவரும் செம்பட்டியல். இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். 1,60,000க்கும் மேற்பட்ட இனங்களை இதுவரை ஆராய்ந்திருக்கிறார்கள். அவற்றில் 45,000க்கும் மேற்பட்டவை அழியும் அபாயத்தில் இருக்கின்றன.

அபாயத்தில் உள்ளவற்றுக்கு மூன்று நிலைகள் உண்டு: அழிவாய்ப்பு இனம், அருகிய இனம், மிக அருகிய இனம். அதற்கும் அடுத்தது, இயற்கையான வாழிடத்தில் ஒன்றுகூட மிஞ்சாமல் கூண்டிலோ தோட்டத்திலோ மட்டும் வாழ்பவை. கடைசி நிலை, முற்றிலும் அற்றுப்போனவை.

புதியவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். எத்தனை மிச்சம் என்பதைப் போலவே, எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதும் இந்தப் பட்டியலில் கணக்கு. பத்து ஆண்டுகள் அல்லது அந்த உயிரின் மூன்று தலைமுறைகள், இரண்டில் எது நீளமோ அந்தக் காலத்தை எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குள் எண்ணிக்கை 30 சதவீதம் சரிந்தால் பொதுவாக அது அழிவாய்ப்பு இனம், 50 என்றால் அருகிய இனம், 80 என்றால் மிக அருகிய இனம். அதனால் இன்று கூட்டம் கூட்டமாகத் திரியும் உயிர்கூடப் பட்டியலில் இருக்கலாம். வட அமெரிக்காவில் ஒரு காலத்தில் வானத்தை மறைத்துக்கொண்டு பறந்த பயணிப்புறாக்கள் நூற்றுக்கணக்கான கோடிகள் இருந்தன. மார்த்தா என்று பெயரிடப்பட்ட கடைசிப் புறா 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக் காட்சிசாலையில் செத்துப்போனது. "இதுதான் எங்கே பார்த்தாலும் இருக்கிறதே" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் புறா நினைவுக்கு வரும்.

இன்னொன்று. "தரவுகள் போதாது" என்றும் ஒரு பிரிவு இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ஆபத்தில்லை என்று எண்ணிவிடாதீர்கள். போதுமான அளவுக்கு யாரும் போய்ப் பார்த்து எழுதவில்லை என்பதுதான் அதற்குப் பொருள். உங்களைப் போன்ற ஒருவருக்கு வேலை காத்திருக்கும் இடம் பெரும்பாலும் அதுதான்.

படி 2: நடந்துபோகும் தூரத்தில் ஓர் இடம்

புலி, பாண்டா, திமிங்கலம் என்று மனம் ஓடும். ஓடட்டும். ஆனால் நீங்கள் வாரம் ஒருமுறை போக முடியாத இடத்துக்கு உங்களால் செய்யக்கூடியது குறைவு. ஒரு குட்டை, ஓர் ஓடைக்கரை, புதர் மண்டிய ஒரு புறம்போக்கு, பழைய கல்லறைத் தோட்டம், எதுவானாலும் சரி. அரை மணி நேரத்தில் ஒரு சுற்று வந்துவிடக்கூடியதாக இருக்கட்டும். பெரிய இடத்தை எடுத்தால் இரண்டு மாதத்தில் சலித்துவிடும்.

எந்த உயிரைப் பார்ப்பது என்றால், என் சாய்வு சிறியவற்றின் பக்கம்தான். ஆராயப்பட்ட பறவைகளில் சுமார் எட்டில் ஒன்று அபாயத்தில் இருக்கிறது என்றால், தவளை, தேரை, சாலமாண்டர் போன்ற நீர்நில வாழ்விகளில் நூற்றுக்கு 41 அபாயத்தில் இருக்கின்றன. பூச்சிகளையும் செடிகளையும் பற்றி இன்னும் எவ்வளவோ தெரியாது. அவற்றுக்குக் கூட்டம் சேராது, கேமரா வராது. குட்டையோரத்தில் குனிந்து உட்கார ஓர் ஆள் கிடைத்தால் அதுவே பெரிது.

படி 3: குறிப்பேடு

நாற்பது பக்க நோட்டு, ஒரு பென்சில். மழையில் பேனா மை கரையும், பென்சில் கரையாது. ஒவ்வொரு முறையும் எழுத வேண்டியவை: தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த பாதை, வானிலை, பார்த்த உயிர், எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது. பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, "மஞ்சள் வால், கருப்புக் கோடு, தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் பறந்தது" என்று எழுதுங்கள். பெயரைப் பிறகு கண்டுபிடிக்கலாம். அந்தக் காலை திரும்பி வராது.

என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: "காலை 6.40 முதல் 7.25. மேகமூட்டம், காற்று இல்லை. குட்டையில் தண்ணீர் முட்டளவு. ஆட்காட்டி 2, ஒன்று சரளை மேட்டில் படுத்தே கிடக்கிறது, எழவில்லை. சிவப்புத் தட்டான் 7. தட்டான் உரித்துவிட்டுப் போன காலித் தோல் ஒன்று, நாணல் தண்டில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே. தவளைச் சத்தம் இல்லை."

அந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். புதியவர்கள் இதை எழுதவே மாட்டார்கள். பார்த்ததை மட்டும்தான் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். "இல்லை" என்பதும் ஒரு பதிவுதான். ஒரே பாதையில், ஒரே நேரத்தில், அதே அளவு நேரம் செலவிட்டு நீங்கள் எழுதும் "இல்லை"கள்தான் பிற்காலத்தில் ஒரு சரிவைக் காட்டிக்கொடுக்கும். கோஸ்டா ரிக்காவின் மான்டெவெர்டே மலைக்காட்டில் பொன்னிறத் தேரை என்று ஒன்று இருந்தது. 1987இல் 1,500க்கும் மேல் எண்ணினார்கள். 1989இல் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்று. அதற்குப் பிறகு யாரும் அதைப் பார்க்கவில்லை. ஆண்டுதோறும் போய் எண்ணிக்கொண்டிருந்தவர்கள் இருந்ததால்தான் அது எப்போது போனது என்றாவது நமக்குத் தெரிகிறது. யாரும் எண்ணாத குட்டைகளில் எத்தனை போயின என்று சொல்ல ஆளில்லை.

நோட்டைத் தினமும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. வாரம் ஒருநாள் போதும், ஆனால் அந்த நாளைத் தவறவிடாதீர்கள். ஓராண்டு முடிந்தால் பருவங்கள் ஒரு சுற்று வந்திருக்கும். எந்தச் செடி எப்போது பூக்கிறது, எந்தப் பறவை எப்போது வந்து எப்போது போகிறது என்பது உங்கள் விரல் நுனிக்கு வந்துவிடும்.

படி 4: படமும் பதிவேற்றமும்

போன் கேமராவே போதும். பூச்சி என்றால் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. செடி என்றால் இலையின் இரு புறமும், பூ, பட்டை, முழு உருவம். தவளைக்குப் படத்தைவிடச் சத்தம் மேல், ஒரு நிமிடம் ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள்.

பறவைகளுக்கு ஈபேர்ட், மற்ற எல்லா உயிர்களுக்கும் ஐநேச்சுரலிஸ்ட் என்ற செயலிகள் இருக்கின்றன. முன்னது 2002 முதலும் பின்னது 2008 முதலும் இயங்குகின்றன. பெயர் தெரியாத படத்தை ஐநேச்சுரலிஸ்ட்டில் போட்டால் உலகின் ஏதோ ஒரு மூலையிலிருந்து தெரிந்தவர் வந்து பெயர் சொல்வார். ஈபேர்டில் "பார்த்த எல்லாவற்றையும் எழுதிவிட்டேன்" என்று குறிப்பிட்டு முழுப் பட்டியலாகக் கொடுங்கள். அப்போதுதான் பட்டியலில் இல்லாத பறவைக்கும் பொருள் வரும்.

ஒரு எச்சரிக்கை. அரிய உயிரின் இருப்பிடத்தை ஊரறியச் சொல்லாதீர்கள். ஐநேச்சுரலிஸ்ட் அபாயத்தில் உள்ள இனங்களின் இடத்தைத் தானாகவே மறைத்து, ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு கட்டத்துக்குள் எங்கோ என்று மட்டும் காட்டும். ஆனால் அதே படத்தை நீங்கள் ஒரு குழுவில் "இன்று காலை, பாலத்துக்குப் பின்னால்" என்று எழுதிப் பகிர்ந்தால் அந்த மறைப்பால் பயனில்லை. படக் கோப்புக்குள்ளேயே இடக்குறிப்பு பதிந்திருக்கும், பகிரும் முன் அதை நீக்கிவிடுங்கள். ஆமை, ஆர்க்கிட், கள்ளிச்செடி, பல்லி என்று எல்லாவற்றுக்கும் கள்ளச் சந்தை இருக்கிறது. வாங்குபவர்களும் இணையத்தில்தான் தேடுகிறார்கள்.

படி 5: தள்ளி நில்லுங்கள்

அந்தச் சரளை மேட்டு ஆட்காட்டியின் கதைக்கு வருகிறேன். படுத்தே கிடந்தது ஏன் என்று அடுத்த வாரம் போய்ப் பார்த்தேன். நான்கு முட்டைகள். கூர்முனை எல்லாம் உள்நோக்கி, ஒரு பூவிதழ் அடுக்கு மாதிரி. நிறமும் புள்ளிகளும் சுற்றியிருந்த கற்களோடு அப்படியே கலந்துவிட்டன. கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தால் மறுபடி தேட வேண்டியிருந்தது. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. மண்டியிட்டுப் படம் எடுத்தேன். தாய்ப்பறவை தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றியது. எதிரே கீழே இறங்கி, சிறகு ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு ஓடியது. அதையும் படம் எடுத்தேன். இருபது நிமிடம் இருந்திருப்பேன், வெயில் ஏறியிருந்தது.

பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். வெயில் காலத்தில் ஆட்காட்டி முட்டையின் மேல் உட்காருவது சூடு கொடுக்க மட்டுமில்லை, நிழல் கொடுக்கவும்தான். தண்ணீரில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர வைக்கும். அந்த இருபது நிமிடமும் முட்டைகள் வெயிலில் கிடந்தன. பக்கத்து மரத்தில் உட்கார்ந்திருந்த காகங்கள் நான் எங்கே குனிந்திருக்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தன. மறுநாள் மேட்டில் ஒன்றுமில்லை. காகமா, வேறெதுவுமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் வழிகாட்டியது நானாக இருந்திருக்கலாம் என்பது இன்றும் உறுத்துகிறது.

ஆகவே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். பறவை செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு உங்களைப் பார்க்கிறது என்றால் நீங்கள் ஏற்கெனவே அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள். கத்துகிறது, சிறகை இழுக்கிறது என்றால் வந்த வழியே உடனே திரும்புங்கள். கூட்டைப் படம் எடுக்காமல் இருப்பதுதான் நல்லது. கூடு இருக்கிறது என்று எழுதினால் போதும்.

படி 6: கையை நீட்டும் முன்

தரையில் ஒரு குஞ்சு தத்திக்கொண்டிருக்கிறது, தாயைக் காணவில்லை. தூக்கிக்கொண்டு போகலாமா? உடம்பில் இறகு முளைத்திருந்தால், தத்தித் தத்தி நடந்தால், அது பறக்கப் பழகும் குஞ்சு. தாய் பக்கத்தில் எங்கோ இருக்கும், நீங்கள் போனதும் இரை கொண்டுவரும். பூனை, நாய் நடமாட்டம் இருந்தால் பக்கத்துப் புதரில் வைத்துவிட்டு விலகுங்கள். இறகே இல்லாத குஞ்சு என்றால் கூட்டில் திரும்ப வைக்கலாம். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையில்லை. ரத்தம் வடிந்தாலோ பூனை கவ்வியிருந்தாலோ மட்டும் காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில், இருட்டில் வைத்து, வனவிலங்கு மீட்பு மையத்தைக் கூப்பிடுங்கள். வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும்.

நல்ல மனத்தோடு செய்யும் உதவிகூட எப்படித் திரும்பும் என்பதற்கு ஓர் உதாரணம். நியூசிலாந்தின் சாதம் தீவுகளில் கருப்பு ராபின் என்ற சிறு பறவை 1980இல் மொத்தமே ஐந்துதான் மிஞ்சியது. அவற்றில் குஞ்சு பொரித்துக் கரைசேர்த்த பெட்டை ஒன்றே ஒன்று. ஓல்ட் புளூ என்று அதை அழைத்தார்கள். அதன் முட்டைகளை வேறு இனப் பறவையின் கூட்டில் வைத்து அடைகாக்கச் செய்தார்கள். முட்டை போன தாய் மறுபடியும் முட்டையிட்டது. அப்படியே பெருக்கி, இன்று இருநூறுக்கும் மேல். நான் மிகவும் மதிக்கும் வேலை அது.

அதன் நடுவே ஒன்று நடந்தது. சில பெட்டைகள் முட்டையைக் கூட்டின் நடுவில் இடாமல் விளிம்பில் இட்டன. விளிம்பில் கிடக்கும் முட்டை பொரிக்காது. ஒவ்வொரு முட்டையும் உயிருக்குச் சமம் என்பதால் ஆட்கள் அதை மெல்ல உள்ளே தள்ளி வைத்தார்கள். அந்தக் குஞ்சுகளும் பிழைத்தன, தாயின் பழக்கத்தையும் மரபில் கொண்டுவந்தன. 1980களின் கடைசியில் பாதிக்கும் மேற்பட்ட பெட்டைகள் விளிம்பில் முட்டையிட்டன. மனிதர் விரலில்லாமல் வாழ முடியாத ஒரு பறவை உருவாகிக்கொண்டிருந்தது. தெரிந்ததும் கையை எடுத்துக்கொண்டார்கள், பிறகு அந்தப் பழக்கம் படிப்படியாகக் குறைந்தது. கூர்ந்து எண்ணி எழுதி வைத்திருந்ததால்தான் அதைக் கண்டுபிடிக்கவே முடிந்தது.

படி 7: ஏன் குறைகிறது என்று தேடுங்கள்

உங்கள் நோட்டில் ஏதாவது ஒன்று குறைவது தெரிந்தால் உடனே தீர்வுக்குத் தாவாதீர்கள். உலக அளவில் முக்கியக் காரணங்கள் ஐந்து என்று 2019இல் வெளிவந்த பன்னாட்டுப் பல்லுயிர் மதிப்பீட்டு அறிக்கை சொன்னது: நிலத்தையும் கடலையும் நாம் பயன்படுத்தும் விதம் மாறியது, வேட்டையும் மீன்பிடியும் போன்ற நேரடிச் சுரண்டல், காலநிலை மாற்றம், மாசு, ஊடுருவும் அயல் இனங்கள். இந்த ஐந்தையும் கையில் வைத்துக்கொண்டு உங்கள் இடத்தைச் சுற்றி வாருங்கள். புதிதாக விளக்குக் கம்பம் வந்ததா? கரையில் மருந்து அடித்தார்களா? யாராவது தொட்டி மீனைக் குட்டையில் விட்டார்களா?

காரணம் எதிர்பாராத இடத்தில் இருக்கலாம். 1990களில் தெற்காசியாவில் பாறு கழுகுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்துபோனது. நோயா, நஞ்சா என்று பல ஊகங்கள். 2004இல் வெளியான ஆய்வு, மாடுகளுக்கு வலிக்காகக் கொடுத்த டைக்ளோஃபினாக் மருந்தைக் காட்டியது. மருந்து ஏற்றிய மாடு இறந்து, அந்தச் சடலத்தைத் தின்ற கழுகின் சிறுநீரகம் செயலிழந்தது. 2006இல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் கால்நடைகளுக்கு அதைத் தடைசெய்தன. கழுகுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகாம் மாற்றாக வந்தது. காரணம் தெரியாமல் கழுகுக்குக் கூடு கட்ட மரம் நட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

படி 8: இன்றைக்கே செய்யக்கூடியவை

இவற்றுக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டாம். ஒரு குட்டையிலிருந்து இன்னொரு குட்டைக்குப் போகும் முன் செருப்பையும் வலையையும் நன்றாகக் கழுவிக் காய வையுங்கள். தவளைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை ஈரத்தோடு பயணம் செய்யும். குறைந்தது 501 நீர்நில வாழ்வி இனங்களின் சரிவுக்கு அந்த நோயே காரணம் என்று 2019இல் கணக்கிட்டார்கள். வெளி விளக்கைக் கீழ்நோக்கித் திருப்புங்கள், தேவையில்லாதபோது அணையுங்கள். கடற்கரையில் பொரித்த ஆமைக்குஞ்சு வெளிச்சமான திசையைக் கடல் என்று நம்பி ஓடும். விளக்கைப் பார்த்து ஊருக்குள் வந்தால் திரும்பாது. பறவைகள் குஞ்சு பொரிக்கும் பருவத்திலாவது பூனையை வீட்டுக்குள் வைத்திருங்கள்.

வளர்த்துச் சலித்த ஆமையையோ மீனையோ எக்காரணம் கொண்டும் நீர்நிலையில் விடாதீர்கள். சிவப்புக்காது ஆமை இப்படித்தான் பல கண்டங்களுக்குப் பரவியது. அரிய உயிரையோ அதன் ஓடு, தோல், தந்தம் எதையுமோ வாங்காதீர்கள். 1973இல் கையெழுத்தாகி 1975இல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸ் உடன்படிக்கை நாடுகளுக்கு இடையிலான இந்த வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிறது. விற்பவர் சொல்லை நம்பாமல் தாள்களைக் கேளுங்கள். தோட்டம் இருந்தால் அந்த மண்ணுக்கே உரிய செடிகளை வையுங்கள். வண்ணத்துப்பூச்சி தேன் குடிக்கும் பூ மட்டும் போதாது, அதன் புழு தின்னும் இலையும் வேண்டும். இலையில் ஓட்டை விழுந்தால் மருந்து தேடாதீர்கள்.

படி 9: நோட்டை மேசைக்குக் கொண்டுபோங்கள்

இரண்டு மூன்று பருவம் எழுதிய பிறகு பக்கத்தில் உள்ள இயற்கை ஆர்வலர் குழு ஒன்றில் சேருங்கள். உங்கள் பிழைகளைத் திருத்த ஆள் கிடைக்கும், உங்களுக்கு உடம்பு முடியாத வாரம் போய்ப் பார்க்கவும் ஆள் இருக்கும்.

நிலத்தைப் பராமரிக்கும் அலுவலகத்துக்கு எழுதும்போது ஒரே பக்கத்தில் முடியுங்கள். எந்த இடம், எந்த உயிர், எந்தத் தேதிகளில் பார்த்தது, ஒரே ஒரு கோரிக்கை. "இயற்கையைக் காப்பாற்றுங்கள்" என்று எழுதினால் படிப்பவருக்கு என்ன செய்வது என்று புரியாது. "இந்த மேட்டில் மூன்று ஆண்டுகளாக இன்ன மாதத்தில் ஆட்காட்டி முட்டையிடுகிறது, புல் வெட்டுவதை ஆறு வாரம் தள்ளிவைக்க முடியுமா" என்று எழுதினால் அவர் நாட்காட்டியைப் பார்த்து ஆம் அல்லது இல்லை என்று சொல்ல முடியும். இல்லை என்று வந்தால் அடுத்த பருவக் குறிப்போடு மறுபடி எழுதுங்கள். கடிதத்தோடு நோட்டின் நகலை இணையுங்கள், அசலைக் கொடுக்காதீர்கள். குழுவில் ஒருவரிடமும் ஒரு நகல் இருக்கட்டும். தாள் நனையும், போன் தொலையும்.